ரொயோட்டா 1 என்இசட்-எஃப்இ பெற்றோல் எஞ்சின்: வாங்குபவருக்கும் வைத்திருப்பவருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையில் ஓடும் கொரொல்லா 121, அலியன் 240, பிரீமியோ 260, அக்சியோ 141, புரொபொக்ஸ் ஆகிய கார்களில் 1.5 லீற்றர் வகையின் பொனற்றைத் திறந்தால், பெரும்பாலும் ஒரே எஞ்சினைத்தான் காண்பீர்கள். அதன் குறியீடு 1 என்இசட்-எஃப்இ. 1999 இல் ஜப்பானில் அறிமுகமாகி, சிறிய கார்களுக்கும் நடுத்தரக் கார்களுக்கும் பல ஆண்டுகள் பொருத்தப்பட்டது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களே கைமாறிக் கைமாறி ஓடியதால், இன்று இந்த எஞ்சினுடன் ஒரு காரை வாங்குபவர் பதினைந்து, இருபது வருட உழைப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

"ரொயோட்டா எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது" என்ற பேச்சு எங்கும் உண்டு. அந்த நம்பிக்கை முழுக்கப் பிழையானதல்ல. ஆனால் அதை நம்பி ஒயில் மட்டத்தையும் கூலன்றையும் பார்க்காமல் விட்ட எஞ்சின்களே கராஜ்களில் பிரிந்து கிடக்கின்றன. அந்த இரண்டு திரவங்களையும் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது எஞ்சினின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும்.

முதலில் எஞ்சினை அடையாளம் காணுங்கள்

பொனற்றின் அடியில் உள்ள தகட்டில் எஞ்சின் குறியீடும் கொள்ளளவும் பொறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானிய உள்நாட்டுக் கார்களில் இது 1496 சிசி என்றும், பிற நாடுகளுக்குச் சென்றவற்றின் கையேடுகளில் 1497 சிசி என்றும் இருக்கும். இரண்டும் ஒரே எஞ்சின்தான். 121 இலும் 240 இலும் 1.8 லீற்றர் வகைகளும் வந்துள்ளன, ஆகவே மாதிரி எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். 1.3 லீற்றர் 2 என்இசட்-எஃப்இ இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். அக்குவாவிலும் அக்சியோ ஹைபிரிட்டிலும் உள்ள 1 என்இசட்-எஃப்எக்ஸ்இ பெயரில் நெருங்கியதாக இருந்தாலும், அதன் அழுத்த விகிதமும் வால்வு நேரமும் குளிரூட்டும் முறையும் வேறு. 2015 இல் அக்சியோவின் 1.5 லீற்றர் சிவிரி (படியில்லா ஓட்டோ கியர்) வகைக்கு வந்த 2 என்ஆர்-எஃப்கேஇ முற்றிலும் புதிய எஞ்சின். இவ்விரண்டுக்கும் இந்த வழிகாட்டியின் எண்களைப் பயன்படுத்தக் கூடாது.

அமைப்பும் அளவுகளும்

நான்கு சிலிண்டர்கள் வரிசையாக அமைந்த எஞ்சின் இது. சிலிண்டரின் விட்டம் 75 மில்லிமீற்றர், பிஸ்டன் செல்லும் தூரம் 84.7 மில்லிமீற்றர். விட்டத்தைவிட ஓட்டம் நீளமானது என்பதால் குறைந்த சுழற்சியிலும் இழுவை குறையாது. நகரத்தில் மூன்றாம் கியரில் சோர்வில்லாமல் போவதற்கு இதுவே காரணம். அழுத்த விகிதம் 10.5:1. 16 வால்வுகளும் அவற்றைத் திறந்து மூடும் இரண்டு கேம் தண்டுகளும் உள்ளன. உள்ளிழுக்கும் பக்கத்துக் கேம் தண்டில் மட்டும் விவிரி-ஐ என்ற வால்வு நேர மாற்றி உண்டு. பெரும்பாலான கார்களில் 6000 சுழற்சியில் 109 அல்லது 110 குதிரைவலு கிடைக்கும். அதிகூடிய முறுக்குவிசை 4200 முதல் 4400 வரையான சுழற்சியில் ஏறத்தாழ 140 நியூட்டன் மீற்றர். எரியும் ஒழுங்கு 1-3-4-2. கேம் தண்டுகளை இயக்குவது பெல்ற் அல்ல, செயின்.

ஒயில் பில்ரரையும் சேர்த்து மாற்றும்போது 3.7 லீற்றர் ஒயில் போதும். பில்ரரை மாற்றாவிட்டால் 3.4. வெறும் மூன்றரை லீற்றரை நம்பி ஓடும் எஞ்சின் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான அளவு ஒன்றுண்டு. எஞ்சின் புளொக் அலுமினியத்தால் ஆனது, அதனுள் 1.5 மில்லிமீற்றர் தடிப்பே உள்ள வார்ப்பிரும்பு லைனர்கள் (சிலிண்டரின் உட்சுவர்கள்) பதிக்கப்பட்டுள்ளன. லைனர் இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கக் கூடாது என்பது தயாரிப்பாளரின் தெளிவான அறிவுறுத்தல். பழைய இரும்பு எஞ்சின்களில் சிலிண்டர் தேய்ந்தால் 'போர்' போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, இன்னும் பத்து வருடம் ஓட்டலாம். இதில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. சிலிண்டர் சுவர் ஒருமுறை கீறப்பட்டால் புளொக்கையே மாற்ற வேண்டும். மற்றக் கோளாறுகள் எல்லாம் செலவுதான். இது ஒன்றுதான் முடிவு.

தயாரிப்பாளரும் சிலிண்டர் தேய்மானத்தைக் குறைக்க முயன்றிருக்கிறார். சிலிண்டர்களின் மையக்கோடு கிராங்க் தண்டின் மையத்திலிருந்து 12 மில்லிமீற்றர் உள்ளிழுக்கும் பக்கமாக விலக்கி வைக்கப்பட்டுள்ளது. எரிவாயு வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும் வேளையில் இணைப்புத் தண்டு ஏறத்தாழ நேராக நிற்பதால், பிஸ்டன் சுவரில் உரசும் பக்கவிசை குறைகிறது. ஒயில் இருக்கும்வரை அந்தச் சுவர் நீண்டகாலம் உழைக்கும்.

படி 1: குளிர்ந்த எஞ்சினைக் கேளுங்கள்

காரைப் பார்க்கப் போகும்போது, முதல் நாள் இரவிலிருந்து எஞ்சினை இயக்காமல் வைக்கும்படி விற்பவரிடம் கேளுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது பொனற் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவது நல்லது.

முதல் திறப்பில் செயின் பக்கத்திலிருந்து ஓரிரு விநாடி கரகரப்பு எழுந்து நின்றுவிட்டால், ஒயில் அழுத்தம் ஏறும்வரை செயின் இறுக்கி தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஒயில் பழசாக இருந்தாலும் இப்படிக் கேட்கும். எஞ்சின் சூடான பிறகும் அந்தச் சத்தம் தொடர்ந்தால் செயினும் அதன் வழிகாட்டிகளும் தேய்ந்துள்ளன. அவற்றை மாற்ற முன்மூடியைக் கழற்ற வேண்டும் என்பதால் கூலி கணிசமாக வரும். செயின் பல் தாண்டினால் பிஸ்டனும் வால்வும் மோதக்கூடும், ஆகவே ஒத்திப்போட வேண்டாம்.

மேலிருந்து சீராக வரும் 'டிக் டிக்' ஒலி வேறு. இந்த எஞ்சினில் ஒயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் தூக்கிகள் (கேம் தண்டுக்கும் வால்வுக்கும் இடையில் இருக்கும் கிண்ணங்கள்) இல்லை. வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும்: உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீற்றர், வெளியேற்றும் வால்வுக்கு 0.25 முதல் 0.35 மில்லிமீற்றர். திருத்துவதற்குக் கேம் தண்டைக் கழற்றி, வேறு தடிப்புள்ள தூக்கிகளைப் போட வேண்டும். இடைவெளி கூடினால்தான் சத்தம் வரும்; குறைந்தால் சத்தமே வராமல் வால்வு கருகும். எனவே சத்தமில்லாத எஞ்சினும் ஒரு லட்சம் கிலோமீற்றர் தாண்டினால் அளக்கப்பட வேண்டியதே.

படி 2: ஒயில்

என்னுடைய அலியன் 240 ஐ வாங்கிய இரண்டாம் வருடம், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும்போது மதவாச்சியைத் தாண்டிய ஒரு வளைவில் சிவப்பு ஒயில் விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. நிழலில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு அளவுக்கோலை உருவிப் பார்த்தேன். அதன் நுனியில் ஒயில் இல்லை. துடைத்துத் திரும்ப விட்டபோதும் உலர்ந்த உலோகமே வந்தது. பக்கத்துக் கடையில் வாங்கிய ஒயிலில் 2 லீற்றர் ஊற்றிய பிறகே மேற்குறியைத் தொட்டது. கீழே ஒரு சொட்டுக் கசிவில்லை. பின்குழாயில் கண்ணுக்குத் தெரியும் புகையும் இல்லை. மாற்றி நான்காயிரம் கிலோமீற்றர்தான் ஆகியிருந்தது.

அந்த விளக்கு ஒயிலின் மட்டத்தைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. சும்மா நிற்கும் சுழற்சியில் இந்த எஞ்சினுக்கு 29 கிலோபாஸ்கல் அழுத்தம் இருந்தாலே போதும். 3000 சுழற்சியில் 150 முதல் 550 வரை இருக்க வேண்டும். வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும் அளவுக்கு மட்டம் இறங்கிய பிறகே விளக்கு எரிகிறது. அது எரிவதற்கு முன் எத்தனை நாள் அரைகுறை ஒயிலில் ஓடியிருக்கிறது என்பதை எதுவும் சொல்லாது.

வயது ஏற ஏற, பிஸ்டனில் சுவரின் ஒயிலை வழிக்கும் ஒயில் ரிங்குகளில் கரி படிந்து அவை ஒட்டிக்கொள்வதே இந்த எஞ்சின் ஒயில் குடிப்பதற்கான பிரதான காரணம். ஒயிலை நேரத்துக்கு மாற்றாத கார்களில் இது விரைவாக வரும். எவ்வளவு குடிக்கிறது என்பதை ஊகிக்காமல் அளந்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, மேற்குறி வரை சரியாக நிரப்புங்கள். கிலோமீற்றர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும், அதே இடத்தில் அதே முறையில் நிறுத்தி, அளவு குறித்த போத்தலிலிருந்து மேற்குறி வரை ஊற்றுங்கள். போத்தலில் குறைந்ததே உங்கள் விடை. 250 மில்லிலீற்றருக்குள் இருந்தால் பழைய எஞ்சினுக்கு நான் கவலைப்பட மாட்டேன். அரை லீற்றரைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். ஒரு லீற்றரை நெருங்கினால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு வேறு கார் பார்ப்பது நல்லது.

காரணத்தைத் தேடுவது மலிவான இடத்திலிருந்து தொடங்கட்டும். மேல்மூடியில் உள்ள பிசிவி வால்வை (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை உள்ளிழுக்கும் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புவது) கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே இருக்கும் துண்டு ஆடும் சத்தம் கேட்காவிட்டால் மாற்றுங்கள். புகையையும் கவனியுங்கள். நீண்ட நேரம் சும்மா நின்று புறப்படும்போது மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு சீல்கள் இறுகிவிட்டன. அவற்றை மாற்றுவது தாங்கக்கூடிய செலவு. ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் ரிங்குகளே குற்றவாளி.

மட்டம் குறைவதைத் தடுக்க 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஒயிலை ஊற்றும் வழக்கம் எங்கும் இருக்கிறது. சில கிழமைகளுக்குக் குடிப்பது குறைந்ததுபோல் தெரியும். ஆனால் விவிரி-ஐ யின் ஒயில் வழிகளும் செயின் இறுக்கியும் மெல்லிய ஒயிலுக்காகச் செய்யப்பட்டவை. காலையில் தடித்த ஒயில் அங்கே போய்ச் சேர்வதற்குள் உலோகம் உலோகத்தில் உரசும். 5டபிள்யூ-30 ஐயே பயன்படுத்துங்கள். எங்கள் வெயிலுக்கும் நெரிசலுக்கும் 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள். எந்த நீண்ட பயணத்துக்கு முன்னும் அளவுக்கோலை உருவிப் பாருங்கள்.

வெளிக்கசிவு என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள்: மேல்மூடியின் ரப்பர் காஸ்கற், செயின் முன்மூடி புளொக்குடன் ஒட்டப்பட்ட விளிம்பு. முன்மூடிக்குக் காஸ்கற் இல்லை, ஒட்டும் பசைதான். எனவே வெளியில் பூசி அடைப்பது நிலைக்காது.

படி 3: குளிரூட்டல்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை ஒவ்வொரு வீட்டிலும் காணலாம். அதே தண்ணீரை றேடியேற்றருக்குள் ஊற்றினால், அதே வெள்ளை மெல்லிய குழாய்களுக்குள்ளும் எஞ்சினின் நீர்வழிகளிலும் படிகிறது. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஊற்றுங்கள், தவறில்லை; வீடு திரும்பியதும் முழுவதையும் வடித்து, சரியான கூலன்றை நிரப்புங்கள். அடர்வான கூலன்றைக் கலக்கவும் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் மட்டும் றேடியேற்றர் மூடியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். சிவப்போ இளஞ்சிவப்போ தெளிவாக இருக்க வேண்டும். துருநிறமாக இருந்தால் நீண்டகாலம் தண்ணீரில் ஓடிய கார். மேலே ஒயில் மிதந்தாலும், ஒயில் மூடியின் உட்புறம் பால்கோப்பி நிறத்தில் களி படிந்திருந்தாலும், ஹெட் காஸ்கற் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலான அடைப்புத் தகடு) விட்டிருக்கலாம் என்று கொண்டு மேலதிகமாகச் சோதிக்க வேண்டும்.

இந்த எஞ்சினில் அடிக்கடி மாற்ற நேர்வது வோட்டர் பம்ப். அது செயினோடு அல்ல, வெளிப் பெல்ற்றோடு சுழல்வது. ஆகவே மாற்றுவது கடினமல்ல. பம்பின் கீழ்த்துளையைச் சுற்றி இளஞ்சிவப்பு உப்புப் பொருக்குப்போல் காய்ந்து கிடந்தால், சீல் கசியத் தொடங்கிவிட்டது. சொட்டுவதற்குக் காத்திருக்க வேண்டாம், ஏனெனில் பம்ப் சிக்கினால் பெல்ற்றும் ஒல்ரனேற்றரும் ஒன்றாக நின்றுவிடும்.

தெர்மோஸ்டற் 80 முதல் 84 பாகையில் திறக்க வேண்டும். சூடேறுகிறது என்பதற்காக அதைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் எஞ்சின் உரிய வெப்பத்துக்கே வராமல் பெற்றோலைக் கூடுதலாக எரிக்கும். எரியாத பெற்றோல் ஒயிலில் கலந்து, நாம் காக்க நினைக்கும் அதே சிலிண்டர் சுவரைக் கழுவிவிடும். சூடேறலின் உண்மைக் காரணம் அடைபட்ட றேடியேற்றராகவோ வேலை செய்யாத விசிறியாகவோ இருக்கும்.

ஊசி மேலேறினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். அடுத்த சந்திவரை போய்விடலாம் என்று நினைப்பதில்தான் அலுமினிய ஹெட் வளைகிறது. வளைவைச் சரிபார்க்காமல் புதிய காஸ்கற்றை மட்டும் போட்டு மூடினால் சில மாதங்களில் அதே வேலை திரும்ப வரும். ஹெட் போல்ற்றுகளும் வெறும் இறுக்கத்தால் அல்ல, குறித்த விசைக்குப் பின் கோணம் அளந்து முறுக்கப்பட வேண்டியவை; இந்த வேலையைச் செய்பவரிடம் அதற்கான கருவி இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

படி 4: நடுக்கமும் எரியாத சிலிண்டரும்

ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தரும் தனிக் கொயில் இருப்பதால், கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கானரில் பி 0301 முதல் பி 0304 வரை ஏதாவது ஒன்று வந்தால், கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது. அந்தக் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். குறியீடும் கூடவே நகர்ந்தால் கொயில் பழுது, நகராவிட்டால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பாருங்கள். கொயிலைத் தூக்கும்போது அதன் ரப்பர் தண்டு ஒயிலில் நனைந்திருந்தால் மேல்மூடியின் பிளக் குழாய் சீல் போய்விட்டது. முதலில் சீலை மாற்றாமல் புதிய கொயில் போடுவது வீண். பிளக் இடைவெளி பொதுவாக 1.1 மில்லிமீற்றர்.

சிலிண்டர்கள் எல்லாம் எரிந்தும் சுழற்சி ஏறி இறங்கினால் த்ரொட்டில் பொடியில் கரி சேர்ந்திருக்கும்; அதற்குரிய திரவத்தால் துடைத்தால் போதும். பி 0171 வந்தால் கணக்கில் வராத காற்று எங்கோ நுழைகிறது, அல்லது காற்றளவு உணரி அழுக்காகியுள்ளது. டி கியரில் ஏசியுடன் நிற்கும்போது மட்டும் உடல் முழுவதும் நடுங்கினால் எஞ்சின் மவுண்டைப் பாருங்கள். பலர் இதை எஞ்சின் கோளாறென்று நினைத்துப் பணம் செலவிடுகிறார்கள்.

பி 0011, பி 0012, பழைய மாதிரிகளில் பி 1349 ஆகியவை விவிரி-ஐ சார்ந்தவை. இழுவை குறைந்து, சும்மா நிற்கும்போது எஞ்சின் தடுமாறும். புதிய உதிரிப்பாகத்துக்கு ஓடுவதற்கு முன் ஒயிலை மாற்றி, கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றித் துப்புரவாக்கி, அதற்குப் போகும் ஒயில் வழியில் உள்ள சிறு வலையையும் கழுவுங்கள். அந்த வலையில் கறுப்புக் களி இருந்தால், இந்தக் கார் ஒயில் மாற்றம் காணாமல் ஓடிய காலத்தை அதுவே சொல்லிவிடும்.

படி 5: அழுத்தச் சோதனை

ஒயில் குடிக்கும் எஞ்சினையும், பெரிய விலை கொடுத்து வாங்கப்போகும் எஞ்சினையும் இந்தச் சோதனை இல்லாமல் முடிவு செய்யக் கூடாது. எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். நான்கு கொயில்களையும் கழற்றி, இன்ஜெக்டர்களின் இணைப்புகளைப் பிரித்து, நான்கு பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். முதல் துளையில் கேஜைப் பொருத்தி, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு, நல்ல பற்றரியுடன் ஸ்டாட்டரைச் சில விநாடி சுழற்றுங்கள். நான்கையும் இப்படியே அளந்து எழுதுங்கள்.

சரியான அளவு 1471 கிலோபாஸ்கல், அதாவது 213 பிஎஸ்ஐ. 1079 கிலோபாஸ்கல் அல்லது 156 பிஎஸ்ஐ க்குக் கீழ் எந்தச் சிலிண்டரும் இறங்கக் கூடாது. சிலிண்டர்களுக்கிடையில் 98 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ க்கு மேல் வித்தியாசமும் இருக்கக் கூடாது. என் அனுபவத்தில் நான்கும் ஒரே அளவில் சற்றுக் குறைந்திருப்பது பயப்பட வேண்டியதல்ல. மூன்று நன்றாக இருக்க ஒன்று மட்டும் விழுந்திருப்பதே பயப்பட வேண்டியது. விழுந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளங்கள். அளவு ஏறினால் ரிங்கோ சுவரோ தேய்ந்துள்ளது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கற்.

ரிங் மட்டும் ஒட்டியிருந்து, சுவரில் கீறல் இல்லாவிட்டால், பிஸ்டன்களைக் கழற்றிச் சுத்தம் செய்து புதிய ரிங் போடலாம். விரல்நகம் தடங்கும் கீறல் இருந்தால், அந்தப் புளொக்கில் பணம் போட வேண்டாம். 'போர் போட்டுத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் 1.5 மில்லிமீற்றரை நினைத்துப் பாருங்கள்.

அந்த நிலையில் நடைமுறையில் மிஞ்சுவது ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் இவை தாராளமாகக் கிடைக்கும். ஆனால் தரையில் கிடக்கும் எஞ்சின் எவ்வளவு ஓடியது என்பதற்குச் சான்று எதுவும் இராது. ஒயில் மூடியைத் திறந்து கேம் தண்டின் நிறத்தைப் பாருங்கள். தேன்நிறம் ஏற்கத்தக்கது, கருங்களி ஏற்கத்தக்கதல்ல. பிளக்குகளைக் கழற்றி நான்கும் ஒரே நிறமா என்று ஒப்பிடுங்கள். கிராங்க் கப்பியைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் தடங்காமல் போகிறதா என்று உணருங்கள். வாங்கிய பின், காரில் ஏற்றுவதற்கு முன்பே வோட்டர் பம்ப், தெர்மோஸ்டற், மேல்மூடிக் காஸ்கற், பிளக் குழாய் சீல்கள், பின்புறக் கிராங்க் சீல் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். எஞ்சின் தரையில் இருக்கும்போது அரை நாள் வேலை. ஏற்றிய பின் பின்புற சீல் ஒன்றுக்காகவே கியர்பெட்டியை இறக்க வேண்டிவரும்.